ஏசிக்கு ஒரு காபி

கே: ஒரே ஒரு காபி வாங்கிவிட்டு, கஃபேயில் எவ்வளவு நேரம் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்காரலாம்?
(அடையாறு வாசகர்)

ப: சென்னையில் மே மாதம் கஃபேக்காரர் விற்பது காபியை மட்டுமல்ல. ஏசி, பிளக் பாயின்ட், வைஃபை, நாற்காலி, கழிவறை எல்லாவற்றையும்தான் விற்கிறார். விலைப்பட்டியலில் இருப்பதோ காபி ஒன்றுதான். அத்தனை செலவையும் அந்தக் கோப்பையே சுமக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாங்குங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நால்வர் மேசையில் ஒருவராக இருந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே சின்ன மேசைக்கு மாறிவிடுங்கள். ‘சார், கொஞ்சம் அந்தப் பக்கம்…’ என்று வந்து கேட்கும் சங்கடம் முதலாளிக்கு இல்லை. மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கும் தம்பிக்குத்தான்.

கே: கஃபேயை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பூத்துப்போகிறது. லேப்டாப்புக்கும் இப்படி ஆகுமா?
(திருவான்மியூர் வாசகி)

ப: ஆகும். எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியுமோ, அதுதான் பனிநிலை. கடலோரச் சென்னையில் புழுக்கமான நாள்களில் அது 25 டிகிரியைக்கூடத் தொடும். உள்ளே ஏசி 22-ல் ஓடினால், உங்கள் கண்ணாடியும் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியோடு வெளியே வருகிறது. வந்த வேகத்தில் ஈரம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் தன் சூட்டிலேயே தப்பித்துக்கொள்ளும். அணைத்து, நன்றாகக் குளிர்ந்துபோனதுதான் வியர்க்கும். அதைப் பைக்குள் ஜிப் போட்டே வைத்திருந்து, வெளிச்சூடு ஏறிய பிறகு திறங்கள். அதற்காக வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல லேப்டாப்கள் இயங்குவதற்குச் சொல்லப்படும் உச்சமே 35 டிகிரிதான். மூடிய கார் அதையெல்லாம் சீக்கிரம் தாண்டிவிடும். பேட்டரியின் ஆயுள் அங்கேதான் கரைகிறது.

கே: மொட்டைமாடி கஃபேயில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை. எந்த நேரம் நல்லது?
(நங்கநல்லூர் வாசகர்)

ப: கடல்காற்று வந்த பிறகு. நிலம் சூடேறி அதன்மேல் இருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. பெசன்ட் நகருக்கு முதலில், உங்களுக்குச் சற்றுப் பிறகு. மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று தாமதமாகும், வெயில் ஆளைப் பொசுக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. காலை பதினோரு மணிக்கே அனல் அடித்தால் மாடி ஆசையை ஒத்திப்போடுங்கள்.

கே: வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். தினமும் கஃபேக்குப் போகக் காசில்லை.
(சைதாப்பேட்டை வாசகர்)

ப: கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து உங்களுக்காகத் திறந்திருக்கிறது. சொந்தப் புத்தகங்களோடு வந்து படிப்பவர்களுக்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம்பிடித்துவிடுவார்கள், முந்திக்கொள்ளுங்கள். வேலை கிடைக்கட்டும், முதல் சம்பளத்தில் கஃபேக்குப் போகலாம்.

கே: அமெரிக்கக் குழுவோடு தினமும் மீட்டிங். கஃபேயிலிருந்தே பேசலாமா?
(வேளச்சேரி வாசகி)

ப: நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு அவர்களுடைய கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கஃபேக்கு வருகிற நேரம். ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாது. நீங்கள் மீட்டிங்கை முடிப்பதற்குள், பக்கத்து மேசைக் குழந்தை உங்கள் கம்பெனியின் டெட்லைனை ஒப்பித்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

கே: ‘காபிக் கடையில் உட்கார்வதெல்லாம் ஒரு வேலையா?’ என்கிறார் அப்பா.
(மயிலாப்பூர் வாசகர்)

ப: லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை, 1680-களில் எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையிலிருந்து வளர்ந்தது. கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வணிகர்களும் அங்கே கூடிப் பேசினார்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். கூடவே, ஒருநாள் அவரையும் அழைத்துப்போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வீட்டில் இல்லையே என்பதுதான் அவருடைய உண்மையான குறையாக இருக்கும்.

கே: பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் கொடுத்தே ஆகவேண்டுமா?
(அண்ணா நகர் வாசகி)

ப: வேண்டாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லி மிச்சப்படுத்திய தொகையை, மேசை துடைத்தவர் கையிலேயே கொடுங்கள்.

கே: இடத்துக்காகக் காபி குடித்துக் குடித்து ராத்திரி தூக்கமே போச்சு!
(கொட்டிவாக்கம் வாசகர்)

ப: குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபி பத்து மணிக்கும் பாதி விழித்திருக்கும். மூன்று மணிக்குமேல் எலுமிச்சை ஜூஸோ மோரோ சொல்லுங்கள். வயிறு நிறைந்துவிட்டால் இரண்டு சமோசா பார்சல் வாங்குங்கள். கடைக்காரருக்கு வியாபாரம், ‘இவ்வளவு நேரம் எங்கே போனாய்?’ என்ற கேள்விக்கும் வீட்டு வாசலிலேயே பதில் ஆயிற்று.