செட்டிங்ஸ்.பை: பாட வரலாறும் பத்துக்குற்ற ஆராய்ச்சியும்

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் புது புராஜெக்ட் தொடங்கியதும் தானாக முளைக்கும் கோப்புகளுள் தலையாயது செட்டிங்ஸ்.பை. பைத்தான்காரர்கள் இதைத் தினமும் திறக்கிறார்கள். முழுதாகப் படித்தவர் அரிது. மூலத்தைப் படிக்காமலே உரை சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல, ஆகையால் அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. இக்கோப்பு காலப்போக்கில் எளிமையாக்கப்பட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. நடந்தது குடிபெயர்ப்பே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கருவி, நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்கள். பவணந்தி முனிவர் பைத்தானை மனத்தில் வைத்துச் சூத்திரம் செய்யவில்லையே என்பாருக்கு: பொருந்திப் போனால் அதற்கு அவர் பொறுப்பல்லர்.

முதலில் நூல்வகை. ஜாங்கோவின் வயிற்றுக்குள் குளோபல்_செட்டிங்ஸ்.பை என்றொரு கோப்பு உண்டு. எல்லா அமைப்புகளின் இயல்பு மதிப்பும் அங்கேதான் கிடக்கிறது. இது முதல்நூல். நம் புராஜெக்டில் இருக்கும் செட்டிங்ஸ்.பை வழிநூல், முதல்நூலோடு ஒத்துப்போய், வேண்டிய இடத்தில் மட்டும் வேறுபடும். டீபக் என்ற அமைப்புக்கு முதல்நூல் ‘ஃபால்ஸ்’ என்கிறது, வழிநூல் ‘ட்ரூ’ என்கிறது. மாறுகொளக் கூறல் என்று பாயத் தோன்றும். பாய வேண்டாம். எழுதும்போது பிழை கண்ணில் பட வேண்டும், ஊருக்குத் திறந்துவிட்ட பின் படக்கூடாது என்பதே இரண்டின் கருத்தும். முதல்நூலின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது என்பதை இடையே சொல்லிவைக்கிறேன். வழிநூலில் ‘என்-யூஎஸ்’ என்பதை அழித்து ‘டிஏ’ என்று போட்டால் அட்மின் பக்கம் தமிழ் பேசும், நடுநடுவே ஆங்கிலத்துக்கு நழுவும்.

பழைய பாடம் என்று இங்கே குறிப்பது 2013 நவம்பரில் ஜாங்கோ 1.6 வெளிவரும் வரை வழங்கியதை. அதில் மூலம் கொஞ்சம், உரை அதிகம். வார்ப்புருக் கோப்புறைக்கு முழுப் பாதை தர வேண்டும் என்று ஓர் எச்சரிக்கை; விண்டோஸிலும் முன்சாய்கோடே போட வேண்டும் என்று அதற்கொரு கிளை எச்சரிக்கை. பின்னது மற்றொன்று விரித்தலின் பாற்படும். டேட்டாபேஸ் எஞ்சினுக்கான மதிப்பு ஒரு புள்ளியோடு பாதியில் நிற்கும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், ஆரக்கிள் இவற்றுள் ஒன்றை அங்கே சேர்த்துக்கொள்ளுமாறு பக்கத்தில் குறிப்பு. கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியவர்கள் தப்பித்தார்கள். அட்மின் வேண்டுமானால் அடுத்த வரியின் தலையிலுள்ள ஹாஷ் குறியை எடுத்துவிடலாம் என்று இன்னோர் உரை. அட்மின் வேண்டாதவர் யார்? எல்லாரும் எடுத்தார்கள். எல்லாரும் எடுக்கப்போகும் குறியை எதற்காக வைத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

எல்லாவற்றிலும் சுவையானது கால மண்டலம். பழைய பாடத்தில் அது ‘அமெரிக்கா/சிகாகோ’. கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது ஜாங்கோ. வெளியுலகுக்கு வந்தது 2005 ஜூலையில். லாரன்ஸுக்கும் சிகாகோவுக்கும் ஒரே மணி. கால மண்டலப் பட்டியலில் அந்த மணி சிகாகோவின் பெயரில் இருக்கிறது. இப்படியாக ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் மணிக்கணக்கு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இந்த வரியைத் தொடாமல் விட்ட மதுரைக்காரரின் தளத்தில் ஜனவரி மாதத்தில் ஒருவர் காலை 10 மணிக்கு ஆர்டர் போட்டால், முந்தின நாள் இரவு 10.30க்கு வந்ததாகக் காட்டும். 1.6 இதைத் திருத்தி யூடிசி ஆக்கியது. இப்போது அதே ஆர்டர் விடிகாலை 4.30க்கு வருகிறது. சீர்திருத்தத்தால் மதுரை கண்ட பலன், நேற்று என்பது இன்று ஆனது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றும் வேலை அப்படியே நிற்கிறது. கொழும்புக்காரருக்கும் மணி அதுவேதான், ஆனாலும் அவர் ‘ஏசியா/கொழும்பு’ என்றுதான் போடுவார். முதல்நூலிலோ இன்றைக்கும் சிகாகோ.

1.6 கோப்பை ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. உரைகள் ஆவணத் தளத்துக்குக் குடியேறின. அட்மின் ஹாஷ் குறியை இழந்தது. டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் என்று தீர்மானமாயிற்று. ‘சைட்_ஐடி = 1’ மறைந்தது; ஒரே தளம் நடத்துபவர் அதற்கு ஒன்றாம் நம்பர் கொடுத்து என்ன காணப்போகிறார்? நின்று பயனின்மைக்கு அதுவே சான்று. நல்ல வெட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்டிய இடம் வெறுமனே கிடக்கவில்லை. 2015 ஏப்ரலில் 1.8 வந்தபோது டெம்ப்ளேட்ஸ் என்ற பெருங்கட்டம் குடிபுகுந்தது: பட்டியலுக்குள் அகராதி, அகராதிக்குள் அகராதி, அதற்குள் மறுபடி பட்டியல். அதே ஆண்டு டிசம்பரில் 1.9, கடவுச்சொல்லைச் சோதிக்க நால்வரை அனுப்பியது. ஆளுக்கு மூன்று வரி. கோப்பு நூறு வரியைத் தாண்டிவிட்டது.

வெட்டுக்குத் தப்பிய உரை ஒன்று உண்டு: இரகசியச் சாவியை இரகசியமாக வைக்கவும். கூறியது கூறலுக்கு இலக்கணம் இது. சாவி புராஜெக்டோடு தானாகவே பிறக்கிறது. மக்கள் உரையைப் படித்து, தலையாட்டி, சாவியைக் கிட்டில் ஏற்றிவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த 3.2, சாவியின் நெற்றியிலேயே ‘ஜாங்கோ-இன்செக்யூர்’ என்று பச்சை குத்தியது. இப்போது பச்சையோடு ஏற்றுகிறார்கள். குன்றக் கூறலுக்கு அலவ்ட்_ஹோஸ்ட்ஸ்: வெறும் சதுர அடைப்பு, உள்ளே ஒன்றுமில்லை. டீபக்கை அணைத்துவிட்டு ரன்சர்வர் கொடுத்தால் ஓட மறுக்கும். அவசரத்துக்கு அந்த அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். எந்த ஹோஸ்டும் வரலாம் என்று பொருள். காவலுக்கு வைத்த வரியே கதவைத் திறந்துவிட்டது.

இனி சார்புநூல். நாட்பட்ட புராஜெக்டுகளில் செட்டிங்ஸ்.பையின் அடியில் நான்கு வரி இருக்கும்: ட்ரை, லோக்கல்_செட்டிங்ஸிலிருந்து எல்லாவற்றையும் இம்போர்ட் செய், எக்ஸெப்ட் இம்போர்ட்எரர், பாஸ். அதாவது, அந்தக் கோப்பு இருந்தால் சொன்னபடி கேள், இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே. இந்த நான்கு வரியை ஜாங்கோ தருவதில்லை. ஒரு புராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தே பரவுகிறது. கடைசியில் வருவதால் மேலே சொன்ன அனைத்தையும் மறுத்துவிடும் வல்லமை இதற்கு. கிட் இக்னோரில் போட்டிருப்பதால் சர்வரில் ஒரு படி இருக்கும், வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பில் இன்னொரு படி. வழிநூலை 80 வரியாக்கலாமா 100 வரியில் நிறுத்தலாமா என்று ஜாங்கோக்காரர்கள் எவ்வளவு வாதிட்டாலும், ஓடிக்கொண்டிருப்பது சார்புநூல் சொன்னபடிதான்.

பிரதிகளின் காலத்தைக் கணிக்க ஒரு வழி. பிந்தைய பிரதிகளின் பாயிரத்தில், எந்தப் பதிப்பு இதை உண்டாக்கியது என்று எழுதியிருக்கும். ஜாங்கோவை எத்தனை முறை மேம்படுத்தினாலும் பாயிரத்தை யாரும் தொடுவதில்லை, ஆகவே 4.2இல் ஓடும் தளம் 1.11இன் ஆவணத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும். பாயிரமும் இல்லை, கால மண்டலமும் சிகாகோ என்றால் பிரதி 1.6க்கு முந்தியது. அப்படியொரு பிரதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைக் கண்டால், தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.