மூக்கைத் துளைக்கும் கேள்விகள்

ஃபுளோரன்ஸ் நகரத்து சாந்தா மரியா நொவெல்லா மருந்துக்கடையைப் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ப: ரயிலைவிட்டு இறங்குங்கள். ஸ்டேஷன் பெயரே சாந்தா மரியா நொவெல்லாதான். சில நிமிட நடையில் வியா தெல்லா ஸ்காலா தெரு, கதவு எண் 16. வெளியிலிருந்து பார்த்தால் கடை என்றே தோன்றாது. கல் நிலைவாசல், உள்ளே நீண்ட நடை, அவ்வளவுதான். போர்டைத் தேடாதீர்கள், மூக்கை முன்னால் அனுப்புங்கள்.

கே: 1221ல் தொடங்கியது என்கிறார்கள், 1612 என்கிறார்கள். எது உண்மை?

ப: 1221ல் டொமினிக் சபைத் துறவிகள் ஊருக்கு வந்தார்கள். 1381ல் அவர்கள் பன்னீர் விற்றதாகக் குறிப்பு இருக்கிறது. 1612ல் கடைக்கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. கடைக்காரர் 1221 என்று போட்டுக்கொள்வதில் தப்பில்லை. நீங்கள் பந்தயம் கட்டுவதானால் 1612க்குக் கட்டுங்கள்.

கே: முற்றும் துறந்தவர்களுக்கு சென்ட் எதற்கு?

ப: அவர்கள் செய்தது மருந்து. மடத்தில் நோயாளிகள் படுத்திருந்தார்கள், பக்கத்திலேயே மூலிகைத் தோட்டம். பறித்ததை வாலையில் வடித்துத் தீநீர் எடுத்தார்கள். அது மணந்தது. மணந்தால் ஊர் சும்மா இருக்குமா? கதவைத் தட்டியது.

கே: பன்னீர் தெளித்தால் பிளேக் போகுமா?

ப: போகாது. 1348ல் ஊரையே வாரிக்கொண்டு போன நோய்க்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள். கெட்ட காற்றுக்கு மாற்று நல்ல வாசனை என்பது அவர்கள் கணக்கு. கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் அடையாளம் கண்டது 1894ல். நடுவே 546 வருஷம், மூக்குதான் டாக்டர்.

அதற்காகச் சிரிக்காதீர்கள். கைவசம் வேறு மருந்தே இல்லாத காலத்தில், நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பன்னீர் தெளிக்க ஒரு மனிதன் இருந்தான். பயந்தவர்களெல்லாம் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள்.

கே: 'ஏழு திருடர் வினிகர்' என்று ஒன்று விற்கிறார்களாமே?

ப: விற்கிறார்கள். மயக்கம் வந்தால் முகர்வதற்கு. பிளேக்கில் செத்தவர்களின் வீடுகளில் புகுந்து திருடிய கும்பல், நோய் தொற்றாமலிருக்க வினிகரில் மூலிகை ஊறவைத்துப் பூசிக்கொண்டதாம். ஆளுக்கு ஒரு சரக்கு மட்டும் தெரியுமாம், ஏழு பேரும் சேர்ந்தால்தான் மருந்து. ஃபிரான்சில் இதே கதை உண்டு. அங்கே திருடர்கள் நாலே பேர். ஆள்குறைப்பு எப்போது நடந்தது என்று தெரியவில்லை.

கே: ராணி கேத்தரினுக்காக ஒரு சென்ட் செய்தார்களாமே, இன்னும் கிடைக்கிறதா?

ப: கிடைக்கிறது. மெதிச்சி வீட்டுப் பெண் கேத்தரின் 1533ல் ஃபிரான்ஸ் இளவரசனைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது செய்த 'ராணியின் தண்ணீர்' என்பது கடையின் வரலாறு. பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனத்துப் பழத்தின் தோல் எண்ணெய்தான் அதில் தூக்கல். பதினாலு வயதுப் பெண், பாஷை தெரியாத புகுந்த வீடு, கையில் பிறந்த ஊரின் வாசனை. அந்தக் குப்பியை முகரும்போது எனக்கு ராணி நினைவுக்கு வருவதில்லை, அந்தப் பெண்தான்.

கே: அதே கேத்தரின் வாசனைக் கையுறையில் விஷம் தடவி சம்பந்தியம்மாளைக் கொன்றதாகப் படித்தேனே?

ப: அலெக்சாந்தர் தூமா நாவலில் படித்திருப்பீர்கள். நவார் நாட்டு ராணி ஜான் தால்பிரே 1572ல் இறந்தது உண்மை, ஊர் அப்படிப் பேசியதும் உண்மை. உடலை அறுத்துப் பார்த்தபோது நோயால் வந்த சாவு என்றே தெரிந்தது. மருமகனாகப் போகிறவனின் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் செத்தால், எந்த ஊரில்தான் பேச மாட்டார்கள்?

கே: உள்ளே செல்ஃபி எடுக்கலாமா?

ப: அந்த அறைக்கு ஏன் முதுகைக் காட்டுகிறீர்கள்? நீங்கள் நிற்கும் விற்பனைக்கூடம் ஒரு காலத்தில் புனித நிக்கோலாவின் சிற்றாலயம். துறவிகளின் வைத்தியத்தில் பிழைத்த அச்சயோலி குடும்பத்து வணிகர் ஒருவர் நன்றிக்காகக் கட்டிக்கொடுத்தது. 1848ல் அது கடையானது. அண்ணாந்து பாருங்கள், நாலு கண்டங்களையும் வரைந்திருக்கிறார்கள். சரக்கின் புகழ் அத்தனை தூரம் போயிற்று என்று அர்த்தம். ஆஸ்திரேலியாக்காரர்கள் கோபப்படக் கூடாது.

கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே ஒரு சின்ன அறை, முன்பு தீநீர்க் குப்பிகளை வைத்திருந்த இடம். சுவர் முழுக்க மரியோத்தோ தி நார்தோ வரைந்த ஏசுவின் பாடுகள். அறுநூறு வருஷச் சித்திரம். குப்பி எடுக்க வந்தவன் பார்த்த சுவர் அது. இன்றைய ஆஸ்பத்திரிகளில் டோக்கன் நம்பரைப் பார்க்கிறோம்.

கே: எல்லா பாட்டிலையும் முகர்ந்து பார்க்கலாமா?

ப: நாலுக்கு மேல் போனால் ரோஜாவும் ரப்பரும் ஒன்றாகிவிடும். முதலில் காகிதத் துண்டில் முகருங்கள். பிடித்ததை மட்டும் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுங்கள். முதல் கால்மணி நேரம் எலுமிச்சை, ஆரஞ்சு என்று பளபளக்கும். அது ஓடிய பிறகு தங்குவதுதான் உங்களோடு வாழப்போகிற வாசனை. பெண் பார்த்த அன்றே தாலி கட்டாதீர்கள்.

கே: நடுவில் காப்பிக்கொட்டை முகர்ந்தால் மூக்கு தெளியுமாமே?

ப: சும்மா காற்று வாங்கினாலும் அதே பலன்தான். காப்பியைக் குடியுங்கள். இத்தாலியில் அதை முகர்ந்துவிட்டு வைப்பது பாவம்.

கே: நம் ஊர் வெயிலுக்கு அந்த சென்ட் நிற்குமா?

ப: கொலோன் வகை என்றால் எண்ணெய்ச் சத்து குறைவு, நூற்றுக்கு ஐந்துக்குள். பஸ் பிடிப்பதற்குள் பறந்துவிடும். ஆனால் வேர்வையில் புளிக்காது, தலை வலிக்காது. நாள் முழுக்க நிற்க வேண்டுமென்றால் ஓ தெ பர்ஃபாம் வகையைக் கேளுங்கள். ஒன்று மட்டும், பெர்கமோட் எண்ணெயை அப்படியே தோலில் தடவி வெயிலில் நின்றால் கறுத்த தழும்பு விழும். அதற்குக் காரணமான பெர்கப்டனை நீக்கிவிட்டுத்தான் இப்போது பெரும்பாலும் சேர்க்கிறார்கள். இருந்தாலும் உச்சி வெயிலில் சென்ட்டைச் சட்டைக்கு அடியுங்கள். சட்டை கறுத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கே: ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசிருக்கிறது. எதை வாங்க?

ப: சந்தேகமே வேண்டாம், பொப்பூரி. ஃபுளோரன்ஸைச் சுற்றிய மலைச்சரிவில் விளையும் பூ, இலை, காய் எல்லாவற்றையும் சேர்த்து, சுடுமண் ஜாடியில் அடைத்து ஊறவைத்தது. பையைத் திறந்தால் பழுப்பும் கறுப்புமாகச் சருகு, அழகே கிடையாது. கிட்டே கொண்டுபோனால் கிராம்பு மாதிரி ஒரு காரம் முதலில் ஏறும், பிறகு புகை, பிறகு காய்ந்த புல், கடைசியில் எங்கிருந்தோ ஒரு தித்திப்பு. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே வையுங்கள். அந்துருண்டைக்கு அன்றோடு ரிட்டையர்மென்ட்.

கே: ஐரிஸ் பவுடர் ஏன் அவ்வளவு விலை?

ப: ஃபுளோரன்ஸ் நகரச் சின்னத்தில் இருக்கும் சிவப்புப் பூ ஐரிஸ்தான். ஆனால் காசு பூவில் இல்லை, கிழங்கில். தோண்டி எடுத்த அன்று வெறும் மண்வாசனைதான். தோல் சீவி, காயவைத்து, மூன்று வருஷமாவது காத்திருந்தால்தான் மணமே பிறக்கும். நீங்கள் பவுடருக்குக் கொடுப்பதில் பாதி, பொறுமைக்கு வட்டி.

கே: நான் சுத்த சைவம். அந்தச் சிவப்பு மதுபானம் குடிக்கலாமா?

ப: அல்கெர்மெஸைக் கேட்கிறீர்கள். அதன் சிவப்பு கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. சாராயத்துக்கு மனச்சாட்சி வழிவிட்டாலும் பூச்சி குறுக்கே நிற்கும். இத்தாலிக்காரர்கள் இதில் கேக் நனைத்து 'சூப்பா இங்கிலேசே' செய்வார்கள். ஆகவே சிவப்பான கேக்கையும் விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

கே: 'ஹிஸ்டீரியா தண்ணீர்' என்று கூட விற்றார்களாமே?

ப: 1614ல் ஆஞ்செலோ பலாதினி என்ற துறவி செய்தது. புதினா வாசனை, சர்க்கரைக் கட்டியில் சொட்டு விட்டுச் சாப்பிடுவார்கள். அவர்கள் ஊர் ஓமத்தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'சாந்தா மரியா நொவெல்லா தண்ணீர்' என்று கௌரவமாக அழைக்கிறார்கள். பெண்கள் கத்தினால் வியாதி என்று எழுதிய லேபிள் போனது, நல்லதே.

கே: இன்னமும் துறவிகள்தான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்களா?

ப: 1866ல் இத்தாலிய அரசு மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்டது. கடைசியாகப் பார்த்துக்கொண்ட துறவியின் உறவினர் கடையை வாங்கினார், அவர் வம்சம் தலைமுறைகளாக நடத்தியது. 2020ல் இத்தால்மொபிலியாரே என்ற முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. ஜெபமாலை போய் பங்குச் சந்தை வந்தாயிற்று. வாலை மட்டும் ஓயவில்லை.

கே: சென்ட்டுக்கு இத்தாலி எதற்கு? நம்மிடம் மல்லிகை இல்லையா?

ப: தாராளமாக இருக்கிறது. உலக வாசனைத் தொழிலுக்குப் போகும் ஜாதிமல்லி, குண்டுமல்லி, நிலச்சம்பங்கிச் சாறுகளில் கணிசமான பங்கு தமிழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்துதான். விடிவதற்குள் பறித்து, கரைப்பானில் ஊறவைத்து, மெழுகாக எடுத்து, ஆல்கஹாலில் கழுவி வடிக்கிறார்கள். பாட்டிலில் பாரிஸ் பெயர் பெரிதாக இருக்கும். பூ பறித்த பெண்ணின் ஊர் எந்த லேபிளிலும் இருக்காது. எனக்கு அதில்தான் கோபம்.

கே: வரி திரும்பக் கிடைக்குமா?

ப: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். 2024க்கு முன்பு கிட்டத்தட்ட 155 யூரோ ஆக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 100 மில்லிக்கு மேலான பாட்டிலைக் கைப்பையில் வைத்தால், பல விமான நிலையங்களில் குப்பைத்தொட்டி மணக்கும்.

கே: ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. கடையும் பார்த்து, பக்கத்துச் சர்ச்சும் பார்க்க முடியுமா?

ப: சர்ச்சின் முகப்பு ஆல்பெர்த்தி வடிவமைத்தது. உள்ளே சுவரில் மசாச்சோவின் 'திரித்துவம்', தட்டையான சுவரில் ஓர் அறையே குடைந்த மாதிரி நம்பவைக்கும். பொக்காச்சோவின் 'டெக்கமரான்' கதையில், பிளேக் ஊரில் ஏழு பெண்கள் சந்தித்து வெளியேறத் தீர்மானிப்பதும் இதே சர்ச்சில்தான். அடுத்த ரயிலில் போங்கள்.