ஏர்ஜெட்டுக்கு எதற்கு நாடா?

கேள்வி: எங்க தறிக்குடோனையே ஒரு கேமா எழுதிட்டிருக்கேனுங்க. சாதா தறி, ரேபியர், ஏர்ஜெட் மூணுக்கும் தனித்தனியா கோடு. ஒண்ணைத் திருத்துனா மூணு இடத்துல திருத்த வேண்டியிருக்குதுங்க.
– வாசகர், சோமனூர்

பதில்: பாவு பிடிப்பது, ஓடுவது, நிற்பது, மீட்டர் எண்ணுவது எல்லாத் தறிக்கும் பொது. அவற்றை ‘தறி’ என்ற தாய் இனக்குழுவில் ஒரே முறை எழுதுங்கள். மற்ற மூன்றும் அதை மரபுரிமமாகப் பெறட்டும். வேறுபடுவது ஊடை போடும் விதம்தான். சாதா தறியில் நாடா ஓடும், ரேபியரில் பிடிப்பான் இழையைக் கொண்டுபோகும், ஏர்ஜெட்டில் காற்று ஊதித் தள்ளும். ஆகவே ‘ஊடைபோடு’ செயற்கூறை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றி எழுதுங்கள். கரண்ட் வந்ததும் குடோன் எல்லாத் தறிக்கும் ஒரே குரல்தான் கொடுக்கும். எப்படிப் போடுவதென்பது தறியின் பாடு. நாளைக்கு வாட்டர்ஜெட் வாங்கினாலும் குடோன் கோடில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியே எழுதினேனுங்க. ஏர்ஜெட்டும் நாடா ஓட்டுதுங்க!

பதில்: சி++ தானே? நாடா ஓட்டும் கோடைத் தாய் இனக்குழுவின் ‘ஊடைபோடு’விலேயே எழுதியிருப்பீர்கள், அதில் ‘விர்ச்சுவல்’ விட்டுப்போயிருக்கும். அது இல்லாமல் ‘தறி’ சுட்டு வழியாகக் கூப்பிட்டால் தாயின் செயற்கூறுதான் ஓடும். கீழே எழுதும்போது ‘ஓவர்ரைடு’ என்றும் சேருங்கள். 2011 முதல் சி++ இல் இருக்கிறது. பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் கம்பைலர் பிடித்துவிடும்.

இந்த விர்ச்சுவல், ஆஸ்லோவில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலிருந்து வந்தது. மெய்யான வேலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கப் பிறந்த மொழி அது. தறிக்குடோன் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கேள்வி: ஜக்கார்டு தறிக்கும் ஒரு இனக்குழு போட்டுடலாமுங்களா?

பதில்: வேண்டாம். பேச்சுக்கு ஜக்கார்டு தறி என்கிறோம். உண்மையில் அது தறிமேல் ஏறும் கருவி. ரேபியர்மேலும் ஏறும், ஏர்ஜெட்மேலும் ஏறும். எந்தப் பாவு இழையைத் தூக்குவது என்பதே அதன் வேலை, ஊடையோடு அதற்குப் பேச்சில்லை. டேப்பட், டாபி, ஜக்கார்டு என இழை தூக்கும் கருவிகள் மூன்றையும் மூன்று தறிகளோடு முடிச்சுப்போட்டால் 9 இனக்குழு ஆகிவிடும். வாட்டர்ஜெட்டும் வந்தால் 12. மாறாக, தறிக்குள் ‘இழைதூக்கி’ என்றொரு பாகம் வையுங்கள். 3 தறி, 3 தூக்கி, அவ்வளவுதான்.

டிசைனுக்கும் இனக்குழு எழுதாதீர்கள். 1804-இல் ஜக்கார்டு காட்டிய வழியே அதுதான்: அட்டையை மாற்றினால் பூ மாறும், தறி அப்படியே இருக்கும். உங்கள் கேமிலும் டிசைன் ஒரு கோப்பாக இருக்கட்டும். இன்றைக்கே அந்த 9-ஐ 6 ஆக்கிவிட்டு எழுதுங்கள்.