பை நிறையப் பை

தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அதில் ஒரு கட்டைப்பை தொங்கும். கட்டைப்பைக்குள் ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் மளிகைக்கடைக் கவர், அதற்குள் எட்டாக மடித்த மருந்துக்கடைக் கவர். எதையும் தூக்கி எறிய மாட்டோம். "எதுக்காவது ஆகும், இருக்கட்டும்." எதற்கும் ஆகாமலே அது வருஷக்கணக்கில் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தபோது எங்கள் தெருவில் யாரும் பதறவில்லை. அவரவர் ஆணியில் அடுத்த தலைமுறை வரைக்கும் சரக்கு இருந்தது.

அந்தப் பட்டியலில் கேரி பேக் உண்டு, தண்ணீர் பாக்கெட் உண்டு, ஸ்ட்ரா, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கொடி எல்லாம் உண்டு. எத்தனை மைக்ரான் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது என்பதுதான் தமிழ்நாட்டுச் சட்டம். மத்திய அரசின் விதி வேறு: 75 மைக்ரானுக்குக் குறைந்தால் கூடாது என்று 2021 செப்டம்பரிலும், 120-க்குக் குறைந்தால் கூடாது என்று 2022 டிசம்பரிலும் படிப்படியாக ஏற்றினார்கள். கீரை விற்கிற பாட்டி எதை வைத்து மைக்ரான் அளப்பார் என்று எந்த விதியிலும் இல்லை. போதாக்குறைக்கு 'நான்-ஓவன்' பை ஒன்று. பார்த்தால் துணி, தொட்டாலும் துணி, பிறப்பால் பாலிபுரொப்பிலீன். அதுவும் அந்தத் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. அதைக் கையில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பவரை முறைத்தபடி நடக்கும் கனவான்களை நான் தினமும் பார்க்கிறேன்.

தடைக்குப் பிறகு காய்கறிக் கடையில் ஒரு நாடகம் நடக்கிறது.

"அண்ணே, ஒரு கவர் குடுங்க."

"கவரெல்லாம் இல்லம்மா! ஃபைன் போடுறாங்க!" என்பார், எதிர்க்கடைக்கும் கேட்கிற குரலில்.

நாம் இரண்டு கையிலும் தக்காளியை ஏந்தி, அபிஷேகத்துக்குக் காத்திருப்பவர் போல நிற்போம். அவர் இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். வெங்காய மூட்டைக்கு அடியிலிருந்து கறுப்புக் கவர் ஒன்று மெதுவாகத் தலை நீட்டும். "சீக்கிரம் உள்ள போட்டுக்கங்க." நாட்டுத் தக்காளி அரைக் கிலோவுக்கு இந்தப் படபடப்பு. தங்கம் கடத்துகிறவர்களுக்கு எப்படித்தான் நெஞ்சு தாங்குகிறதோ!

கவருக்கு மாற்றாகச் சொல்லப்படும் மஞ்சள் துணிப்பைக்கு, நம் மஞ்சப்பைக்கு, வருகிறேன். பழைய படங்களில் மஞ்சப்பையோடு எழும்பூரில் ஒருவர் இறங்கினால், அடுத்த காட்சியில் அவரை யாராவது ஏமாற்றப்போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் அப்பா மஞ்சப்பையோடு கல்லூரி விடுதிக்கு வந்த நாளில், அதற்கு மேல் ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையைப் போர்த்தித்தான் உள்ளே அழைத்துப் போனேன். அதே பையைத்தான் 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கமாக முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மறு வருஷம் கோயம்பேடு சந்தையில் இயந்திரமே வந்துவிட்டது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வந்து விழும். அப்பா இருந்திருந்தால் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

ஆனால் மஞ்சப்பைக்கு நம் வீட்டில் பஞ்சமே இல்லை. தை பிறந்தால் முகூர்த்தம், முகூர்த்தத்துக்குப் போனால் தாம்பூலப்பை. உள்ளே ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம். வெளியே மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், சில சமயம் மாமாவின் கட்சிப் பதவி. குடும்பத்தோடு போனால் ஆளுக்கொன்று. தேங்காய் சட்னியாகிவிடும், பை ஆணிக்குப் போகும்.

இங்கேதான் டென்மார்க் குறுக்கே வருகிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018-இல் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தியை விளைவிக்க, நூற்க, நெய்ய ஆகும் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, ஒரு பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் அது சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிட மேல் என்றார்கள். தினம் ஒரு தடவை என்றால் பத்தொன்பதரை வருஷம். வாரச் சந்தைக்கு மட்டும் என்றால் 136 வருஷம். அதாவது, 'செந்தில் வெட்ஸ் கவிதா' என்று அச்சடித்த பையை அந்தத் தம்பதியின் கொள்ளுப்பேரன் கல்யாணத்துக்கும் நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே இன்னொரு பை கொடுப்பார்கள்.

உடனே கறுப்புக் கவர் கட்சியினர் கொண்டாட வேண்டாம். அந்த 7,100 எல்லா வகைக் கெடுதலையும் தனித்தனியே பார்த்து, அதில் மிக மோசமானதை வைத்துச் சொன்ன எண். புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் 52 தடவையே போதும் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒரு வருஷத்துச் சந்தையில் கணக்கு தீர்ந்தது. இன்னொன்று, டேனிஷ்காரர்களின் கவர் பெரும்பாலும் ஒழுங்காகக் குப்பை எரிக்கும் உலைக்குப் போகிறது. நம்முடையது மழைநீர்க் கால்வாய்க்கும் மாட்டின் வயிற்றுக்கும் போகிறது. அதற்கு அவர்கள் கணக்கில் இடமில்லை.

இத்தனைக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை உண்டாக்கிய ஸ்வீடன்காரர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் (1965-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர்) நல்ல எண்ணத்தோடுதான் செய்தாராம். காகிதப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்ற கவலை. இது கிழியாது, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்று நம்பி, தாமும் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். அவர் மகன் சொன்னது இது. கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்ட எங்கள் பாட்டியை மனிதர் சந்தித்திருக்க வேண்டும். கண்கலங்கியிருப்பார்.

பாட்டியின் தூக்கை எடுத்துக்கொண்டு ஒருநாள் இட்லி பார்சல் வாங்கப் போனேன். "சாம்பாரை இதுல ஊத்திருங்க தம்பி" என்றேன். பையன் தூக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். காலையிலேயே கட்டி அடுக்கியிருந்த சாம்பார் கவர்களில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தூக்கில் ஊற்றினான். காலிக் கவர்களைக் கூடையில் எறிந்தான். "மேடம், பிளாஸ்டிக் இல்லாம குடுத்துட்டேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் துளியும் கள்ளமில்லை.

அறிவுரையால் நாம் திருந்துவோம் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பத்து ரூபாயால் திருந்துவோம். நீலகிரியில் 2022-இல், உயர் நீதிமன்றம் சொல்லி, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்கே வரத் தொடங்கின. தள்ளாடுகிறவர் பாட்டிலை உடையாமல் கொண்டுவந்து கொடுக்கிறார். நிதானமாக இருக்கிற நாம்தான் பையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கெஞ்சுகிறோம். பால் பாக்கெட்டிலும் கவரிலும் அந்தப் பத்து ரூபாயை வைத்துப் பாருங்கள், குப்பைக்காரருக்கு முன்னால் நாமே தெருவைப் பெருக்கிவிடுவோம்.

அது வரும்வரை, கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேங்காயைக் கையில் கொடுங்கள், போதும். அழைப்பிதழில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே 'பை கொண்டு வரவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.