பாண்டி ஸ்பெஷலிஸ்ட்

சென்னையில் நாலு பேர் வேலை பார்க்கிற எந்த ஆபீஸிலும் ஒரு பாண்டி ஸ்பெஷலிஸ்ட் இருப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவர் முகத்தில் தனி தேஜஸ் வந்துவிடும். “என்ன மாப்ள, போவோமா?” என்பார். எங்கே என்று கேட்பவன் ஆபீஸுக்குப் புதுசு.

1948 முதல் 1971 வரை நம் பக்கம் மதுவிலக்கில் காய்ந்து கிடந்தபோது பாண்டிச்சேரி மட்டும் ஈரமாகவே இருந்த வரலாற்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். மரக்காணம் தாண்டிக் கனகசெட்டிகுளம் வந்தால் பேச்சு நிற்கும், வண்டியும் நிற்கும். பாண்டி எல்லையின் முதல் ஒயின் ஷாப்பைப் பார்த்தும் இறங்காமல் போவது அவர் குல வழக்கத்தில் இல்லை. காலாப்பட்டு கடந்ததும் சாலை மறுபடி தமிழ்நாட்டுக்குள் புகுந்து, கோட்டக்குப்பம் முடிந்து முத்தியால்பேட்டையில் திரும்பவும் பாண்டியாகிறது. “ஒரே நாள்ல ரெண்டு தரம் பாண்டிக்குள்ள நுழையற பாக்கியம் வேற எவனுக்குடா இருக்கு?”

ஊருக்குள் போனபின்தான் சோதனை. முதல் பாரில் பாட்டுச் சத்தம் அதிகம். இரண்டாவதில் ஏசி நேராகத் தலையில் அடிக்கிறது. மூன்றாவது மொட்டை மாடி. காற்று பிரமாதம், ஆனால் பீர் கூலிங் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற தாய் மாதிரி புறங்கையால் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, சப்ளையரிடம் வருத்தமாகத் தலையாட்டுவார். “அடுத்த இடம் சொர்க்கம், வா” என்று எழுப்பும்போது நம் கிளாஸில் பாதி இருக்கும். சொர்க்கம் என்னவோ மிஷன் வீதியில் ஒவ்வொரு முறையும் ஒரு தெரு தள்ளியே இருக்கிறது.

இந்த அலைச்சலில் லாபம் பார்ப்பவர் ஒருவர்தான்: வண்டி ஓட்டுவதற்காகக் குடிக்காமல் வந்தவர். விட்டுப் போகிற நெத்திலி வறுவல், பெப்பர் சிக்கன் எல்லாம் அவருக்கே. பில்லை மட்டும் தலைக்குச் சமமாகப் பிரித்தால் சண்டைக்கு வருவார்.

ராத்திரி கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடைதான். தள்ளாடி வந்தாலும் காந்தி சிலைக்கு முன்னால் நம்மாள் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு ஓரமாக, வாய் பேசாமல் கடப்பார். மரியாதை தெரிந்த மனுஷன்.

ஞாயிறு மத்தியானம் கணக்கு. டாஸ்மாக் விலையையும் பாண்டி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மிச்சம் பிடித்த தொகைக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பார்.

“பெட்ரோல்?” என்றேன்.

“அது டிரிப் செலவு.”

“ரூம் வாடகை?”

“வீட்ல இருந்தாலும் தூங்கத்தானே செய்வே?”

அதற்குள் கூகுள் மேப்பை விரித்துவிட்டார். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று விரல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. “மச்சி, காரைக்காலும் பாண்டி கவர்மென்ட்தான். அங்க கூட்டமும் கம்மி. அடுத்த தரம் இன்னும் நல்லா மிச்சம் பிடிக்கலாம்.”