இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் நல்ல பிள்ளை

பெட்ரோல் பங்கில் நாம் தினமும் கேட்டு வாங்கும் டீசல், ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல், ஜெர்மன்காரர். (அவர் மட்டும் நம்மூரில் பிறந்திருந்தால்? 'அண்ணே, அம்பது லிட்டர் கோவிந்தசாமி போடுங்க!')

பெரிய ஆலைகளின் நீராவி எஞ்சின்கள் சின்னப் பட்டறைக்காரர்களை விழுங்குகின்றனவே என்று அவருக்கு வருத்தம். சிக்கனமான எஞ்சின் ஒன்று செய்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பினார். 1897-ல் செய்தும் காட்டினார். நீராவி எஞ்சின் பத்து சதவிகிதத்துக்கே மூச்சு வாங்கிய காலத்தில், இவருடையது எரிபொருளின் சக்தியில் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றியது. சும்மா இருப்பாரா மனுஷன்? 1903-ல் சமுதாயத்தையே ரிப்பேர் செய்ய ஒரு புத்தகம் எழுதினார். எஞ்சினைவிட இதுதான் தன் பெரிய சாதனை என்றார். விற்றது சில நூறு பிரதிகள். எழுத்தாளர்களே, ஆறுதல் கொள்க!

எஞ்சினோ ஏழைப் பட்டறையை மறந்தது. கப்பல், ரயில், சுரங்கம் என்று பெரிய இடமாகப் பார்த்து செட்டிலாகிவிட்டது. ஏழைக்கு வந்து சேர்ந்தது புகைதான். அந்தப் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-ல், 'அநேகமாகப் புற்றுநோய் தரும்' என்று இழுத்தது. அந்த 'அநேகமாக'வை அடிக்க 24 வருடம் பிடித்தது! 2012-ல் அதற்கு முக்கிய ஆதாரமாக அமைந்தவை, டீசல் வண்டிகளுக்கு நடுவே வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல்கள்.

ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி அந்த 'அநேகமாக'வுக்கெல்லாம் அசரவில்லை. அமெரிக்காவில் 'க்ளீன் டீசல்' என்று கூவிக் கூவி விற்றது. ஜெட்டா காருக்கு 2009-ன் 'க்ரீன் கார்' விருதுகூடக் கிடைத்தது.

ரகசியம் சாஃப்ட்வேரில் இருந்தது. சோதனைக்கூடத்தில் காரை உருளைகள்மேல் நிறுத்தித்தான் ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. 'ஓஹோ, இன்ஸ்பெக்‌ஷன்!' என்று கார் புரிந்துகொண்டு, டி.இ.ஓ. வந்த வகுப்பறைபோலக் கைகட்டி உட்கார்ந்துவிடும். ரோட்டுக்கு வந்ததும் ஆட்டம்தான். ஆஸ்துமாவைக் கிளப்பும், வெயிலோடு சேர்ந்து ஓசோன் புகைமூட்டம் போடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை, அனுமதித்த அளவைப்போல 40 மடங்குவரை கக்கும். இப்படி 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

மாட்டிய கதை இன்னும் ஜோர். 'அமெரிக்க டீசல் கார் எவ்வளவு சுத்தம் பாருங்கள்' என்று ஐரோப்பாவுக்குக் காட்டத்தான் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தாரை அளக்கச் சொன்னது. அவர்கள் டிக்கியில் கருவிகளைக் கட்டிக்கொண்டு, அடிக்கடி மக்கர் செய்யும் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே ஊர் ஊராக ஓட்டினார்கள். 2015-ல் குட்டு உடைந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் கிளைமாக்ஸ். நியூ மெக்சிகோவில் ஓர் ஆய்வுக்கூடம். ஜெர்மன் கார் கம்பெனிகளின் காசு. புது டீசல் எவ்வளவு சாது என்று நிரூபிக்க வேண்டும். பத்துக் குரங்குகளைக் காற்றுப்புகாத பெட்டிகளில் அடைத்து, ஃபோக்ஸ்வாகனின் பீட்டில் காரின் புகையை நான்கு மணி நேரம் சுவாசிக்க விட்டார்கள். சேட்டை செய்யாமலிருக்க எதிரே டி.வி.யில் கார்ட்டூன்!

அந்த பீட்டிலிலும் அதே சாஃப்ட்வேர். ஆய்வு செய்தவர்களுக்கே அது தெரியாது. அந்த அறையில் ஒரிஜினலாக ஓடியது கார்ட்டூன் மட்டும்தான்.