எம்.பி.பி.எஸ். சார்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால், அதில் சங்கச் செயலாளர் ஒருவர், தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிறவர் ஒருவர், ஸ்பீடு டெஸ்ட் போடுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். முதல் இருவரையும் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாமவர் தானாக முளைக்கிறார். எங்கள் பிளாக்கில் முளைத்தவருக்கு எம்.பி.பி.எஸ். சார் என்று பெயர். மருத்துவம் படித்தவர் இல்லை. தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் கணக்கில் ஓட்டை தேடிய கண், இப்போது கேபிள்காரர் கொடுத்த நெட் இணைப்பின் மேல் விழுந்திருக்கிறது.

காலையில் எழுந்ததும் கைப்பேசியில் அந்த வட்டப் பொத்தானை அமுக்குவார். முள் எழுந்து, தயங்கி, 94-இல் நிற்கும். தீபாவளிக்கு நகைக்கடையில் கொடுத்த டைரியில் தேதி, நேரம், டவுன்லோடு, அப்லோடு, பிங் என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. அதில் ‘லேசான தூறல்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். காபி அதற்குப் பிறகுதான்.

இந்த 94 எங்கே நின்று எடுத்தது என்பது டைரியில் இராது. ஹாலில், ரவுட்டரை ஒட்டி நின்று, கையை லேசாக உயர்த்திப் பிடித்து எடுத்தது. அங்கே ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொட்டோ கொட்டென்று கொட்டும். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிப் படுக்கையறைக்குள் போவதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும். சமையலறைக்குப் போனால் வேறு கதை. போன் தானாக 2.4-க்கு மாறிக்கொள்ளும், மைக்ரோவேவ் ஓவனும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. போதாக்குறைக்கு, ரவுட்டரில் தூசி படிகிறது என்று அவர் மனைவி அதை ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் செருகி, மேலே பூப்போட்ட துணி ஒன்றும் போர்த்தியிருக்கிறார். படுக்கையறையில் 11 வந்தால் அதைச் சார் பதிவதில்லை. அதிகாரப்பூர்வமான இடத்தில் எடுக்காத அளவு செல்லாதாம்.

“ஏங்க, சீரியல் பாதியில நின்னு சுத்துதுங்க.”

“சுத்தறதுக்கு வாய்ப்பே இல்ல. இப்பத்தான் 94 காட்டுச்சு.”

“அப்ப அந்த 94-ஐயே டிவியில போடுங்க, பார்க்கிறேன்.”

அம்மையார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் தானாகவே பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது நெட் கொடுக்கிற கம்பெனியின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, திருச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்வது போன்ற கணக்கு இது. சீரியல் வரும் வழி வேறு, அந்த வழியில் ராத்திரி எட்டரை மணிக்கு ஊரே நிற்கிறது. இதெல்லாம் சாருக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் நள்ளிரவில் சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார் என்றும், அன்று டைரியில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டது என்றும் பேச்சு.

மற்றவர் அறியாமையை மட்டும் அவரால் பொறுக்கவே முடியாது. “100-க்குப் பணம் கட்டுறேன், 12 தான் இறங்குது” என்று யாராவது லிஃப்டில் முனகினால் போச்சு. மூன்றாவது மாடியில் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, “அது பைட்டு, இது பிட்டு. எட்டால வகுக்கணும்” என்று பாடம் நடக்கும். தொடர்ந்து சரித்திரம்: 2004-இல் 256 கிலோபிட் வந்தாலே அரசாங்கக் கணக்கில் அது பிராட்பேண்ட், 2023-இல்தான் 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். கையில் பால் பாக்கெட்டோடு நிற்பவருக்கு இது எதற்கு என்று கேட்கக் கூடாது.

பாவம், மருமகள். வீட்டிலிருந்தே வேலை. மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும்.

“மாமா, இப்ப டெஸ்ட் போட்டீங்களா?”

“ஒரே ஒரு தடவைம்மா.”

அந்த ஒரு தடவை ஓடும் சில விநாடிகளில் இணைப்பின் முழு வேகத்தையும் டெஸ்டே எடுத்துக்கொள்கிறது. 100 எம்.பி.பி.எஸ். லைனில் பதினைந்து விநாடி டவுன்லோடு என்றால் 180 மெகாபைட்டுக்கு மேல். மருமகளின் குரல் வரிசையில் பின்னால் நிற்கும். நெட் ஏன் திக்குகிறது என்று கண்டுபிடிக்க சார் மறுபடி அமுக்குவார். அப்படியும் தெரியாவிட்டால் இன்னொரு தடவை.

போன மாதம் 300 பிளானுக்கு மாறினார். முள் 94-ஐ விட்டு அசையவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை. நாலு பக்கத்துக்குப் புகார் எழுதி, பிரதி எடுத்து, சங்கச் செயலாளரிடமும் ஒன்று கொடுத்தார். கேபிள் ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்தான். டைரியை விரித்துக் காட்டியதை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, மொட்டைமாடிப் பெட்டியிலிருந்து வரும் ஒயரின் ஜாக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“எட்டு கம்பியில ஒண்ணு கட் சார். நாலு இருந்தாலே 100 ஓடும். அதுக்கு மேல போகணும்னா எட்டும் வேணும்.”

“எப்படிக் கட் ஆச்சு?”

“அணில் சார்.”

பீரோவுக்குப் பின்னால் அணிலா என்று சார் கேட்கவில்லை. 2021-இல் மின்தடைக்கே அணில் காரணமாகிவிட்ட மாநிலம் இது. பையன் ஒயரின் நுனியை நறுக்கி, எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாக்கி, புது ஜாக்கை மாட்டிக் கடுக்கென்று அழுத்தினான். பூப்போட்ட துணியை மடித்து அம்மையாரிடம் கொடுத்து, ரவுட்டரை வெளியே எடுத்து ஷோகேஸ் மேல் வைத்தான்.

சார் அமுக்கினார். 286. படுக்கையறைக்குப் போய் அமுக்கினார். 118. டிவியில் சீரியல் நிற்காமல் ஓடியது. மருமகள் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சார் டைரியைத் திறந்து 286 என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் அகப்படாமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பையன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுக்கும்போதுதான் குரலில் உயிர் வந்தது.

“தம்பி, 500-ல ஒரு பிளான் போட்டிருக்கீங்களாமே?”